நடுக் கட்டம்

பிராகோ கொண்டுவரும் பின்னல் வேலை அவளுடையது இல்லை என்று முதலில் சந்தேகப்பட்டவள் நான்தான். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கானாவில், குமாசிச் சந்தையில் தக்காளி விற்கிறவள் நான். கூடையின் மேல்வரிசைப் பழம் பளபளப்பதைப் பார்த்து வாயைப் பிளந்தால் கடையை மூடிவிட்டுப் போகவேண்டியதுதான். கையை உள்ளே விட்டு அடிப்பழத்தை அமுக்கிப் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டேன். மனுஷர்களையும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பாடும் ஆனபிறகு கொனாடு டீச்சர் வீட்டுக் கூடத்தில் நாங்கள் கூடுவோம். ஒருத்தி தைத்துக் கொண்டுவருவாள், ஒருத்தி ஸ்வெட்டர் பின்னுவாள், பெரும்பாலும் எல்லோரும் குரோஷா, கொக்கி ஊசிப் பின்னல். விற்பதற்காக இல்லை. பின்னியதை நடுமேஜையில் போட்டு, “பாருங்கடி!” என்று சொல்வதற்காக. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வாரம் முழுதும் கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் நான் கொக்கி ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பேன். எங்களுக்குள் ஒரே சட்டம். மேஜையில் போடுவது உன் கையால் செய்ததாக இருக்கவேண்டும்.

டீச்சர் எங்களுக்கெல்லாம் பெரியவர். ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கிப் படித்தவர்கள். நாங்கள் பின்னிக்கொண்டிருக்கும்போது அவர் உட்காரவே மாட்டார். அடுப்படியில் போஃப்ரோட் மாவு உருண்டைகளைப் பொரித்து எடுப்பார், சிவப்பு சோபோலோ சர்பத்தை டம்ளர் டம்ளராக ஊற்றி நீட்டுவார். அவருடைய பின்னல் மட்டும் முடிந்த நிலையில் படுக்கையறையிலிருந்து வரும். சோபா முதுகில் போர்த்துகிற வெள்ளை விரிப்புகள், அத்தனை அழகு. எப்போது பின்னுகிறார் என்று யாரும் கேட்டதில்லை. பெரியவர் உபசரிக்கிறார் என்று சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவோம்.

பிராகோ இந்த மழைக்காலத்தில் வந்து சேர்ந்தாள். சுன்யானிப் பக்கத்துக்காரி, சின்ன வயது. புருஷன் லாரி ஓட்டுகிறவன், வடக்கே தமாலேக்குப் போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. முதல் ஞாயிறே அவள் மேஜையில் ஒரு சால்வையைப் போட்டாள். அன்னாசி அன்னாசியாக இறங்குகிற பின்னல், ஒரு கண்ணி தளர்வில்லை. ஆளாளுக்கு அதை இழுத்துத் தோளில் போட்டுப் பார்த்தோம். எனக்குப் பொறாமையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

“எப்படிடி இந்த ஓரத்தைத் திருப்பின? இங்கயே போட்டுக் காட்டேன்” என்றேன்.

“கண்ணு வலிக்குதுக்கா. அடுத்த வாரம் காட்டறேன்.”

அடுத்த வாரம் விரலில் வெட்டுக்காயம். அதற்கடுத்த வாரம் ஊசியை மறந்துவிட்டு வந்துவிட்டாள். நான் என்னுடையதை நீட்டினேன். இந்த அளவு எனக்கு வராதுக்கா என்றாள். பிறகொரு நாள் தப்பிக்க முடியாமல் ஊசியைப் பிடித்தபோது, அவள் பிடித்த லட்சணத்தைப் பார்க்கவேண்டுமே! ஏதோ உயிருள்ள நண்டைப் பிடித்த மாதிரி. நாலு கண்ணி போடுவதற்குள் நூல் சிக்கு விழுந்தது. எங்கள் கூட்டத்து ஞார்கோ விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு யார் விழுந்தாலும் சிரிப்புதான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கை இந்தச் சால்வையைப் பின்னியிருக்க முடியாது.

அப்போதுதான் டீச்சர் மகள் பொசுவாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எல்லோரும் சேர்ந்து கட்டில் விரிப்பு ஒன்று பின்னிக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். ஒரே மாதிரிச் சதுரக் கட்டங்கள், ஆளுக்குக் கொஞ்சம். நடுக் கட்டம் மட்டும் வெள்ளையில், பெண்ணின் அம்மா கையால். என் தையல் சீராக இருக்கும் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

தைக்க உட்கார்ந்தபோது ஒரு இடத்தில் சுருக்கம் விழுந்தது. பிரித்தேன், மறுபடி தைத்தேன், மறுபடி சுருக்கம். இதென்ன சனியன் என்று வெளிச்சத்தில் வைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். கட்டத்தைச் சுற்றிச் சுற்றித்தான் பின்னுவோம். ஒவ்வொரு சுற்றும் முடிந்து சேருகிற இடத்தில் சின்னத் தழும்பு மாதிரி ஒரு கோடு ஏறிக்கொண்டே போகும். என் கட்டத்தில் அது வலப்பக்கம் சாய்ந்து ஏறும். சர்போமாவுடையதிலும் ஞார்கோவுடையதிலும் அப்படித்தான். பிராகோ கொடுத்த கட்டங்கள் அத்தனையிலும் அது இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

இத்தனை வருஷத்தில் நான் அப்படி ஒரு பின்னலைக் கவனித்ததே இல்லை. இது நம்ம ஊர்ப் பெண்கள் கையே இல்லை என்று முடிவு கட்டினேன். எங்கேயோ மிஷினில் செய்து மூட்டை கட்டி வருகிற சரக்கு. வாங்கிக் கொண்டுவந்து எங்கள் மேஜையில் போட்டு “பாருங்கக்கா” என்கிறாளா, திருட்டுக் கழுதை!

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நடுக் கட்டத்தை எடுத்தேன். டீச்சருடையது. தழும்பு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அப்படியென்றால் டீச்சரும் கூட்டா? இவள் வாங்குகிற இடத்தில்தான் அவரும் வாங்குகிறாரா, இல்லை இவள்தான் அவருக்குச் சப்ளையா? எத்தனை ஞாயிறு அந்த வெள்ளை விரிப்புகளைத் தடவித் தடவி “டீச்சர், உங்க கைக்குத் தங்க வளையல் போடணும்” என்று உருகியிருப்பேன்! அவர் உட்கார்ந்து பின்னி யாராவது பார்த்ததுண்டா? ஞார்கோ பார்த்ததில்லை. நான் பார்த்ததில்லை. பெற்ற மகள் கட்டிலுக்குக்கூடவா கடைச் சரக்கு? அன்றைக்கு என் கடையில் தக்காளி கேட்டவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் டீச்சர் பெயரை எடுக்கவில்லை. அதற்கு எனக்குத் தைரியம் போதாது. பிராகோவைப் பிடித்தேன்.

“இங்க பாரு பிராகோ, உன் கட்டமெல்லாம் எதிர்ப்பக்கமா சாயுது. எங்க யாரோடதும் அப்படி இல்ல. எங்க முன்னாடி உக்காந்து ஒண்ணு பின்னிக் காட்டிடு. என் வாயை மூடிக்கறேன்.”

அவள் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். உடனே சர்போமா தொற்றிக்கொண்டாள். வங்கியில் வேலை பார்க்கிறவள், எதிலும் ஒழுங்கு பார்க்கிறவள். “டீச்சர்கிட்ட அடி வாங்கித்தான் நான் மனுஷியானேன்” என்று வாரம் தவறாமல் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

“நல்லாக் கேட்ட அஜேவா. கல்யாணப் பொண்ணு படுக்கிற கட்டில்ல பொய்யி எதுக்கு? பின்னிக் காட்டலன்னா அவ கட்டத்தையெல்லாம் வெட்டி எடுத்துடலாம். அவளும் அப்படியே நடையைக் கட்டட்டும்.”

அடுப்படி வாசலிலிருந்து டீச்சர் குரல் வந்தது. “விடுங்கடி. பரீட்சை வெக்கறதுக்கு இது என்ன பள்ளிக்கூடமா?”

வாழ்க்கை முழுக்கப் பரீட்சை வைத்த மனுஷி சொல்கிற பேச்சா இது? சொன்னதும் அவர் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்கு இருந்த சந்தேகம் இன்னும் ஒரு முழம் வளர்ந்தது.

பிராகோ மெல்லச் சொன்னாள்: “அடுத்த ஞாயிறு பின்னிக் காட்டறேன்.”

ஒரு வாரம் எதற்கு? யாரிடமாவது போய்க் கற்றுக்கொண்டு வரவா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடு வாரத்தில் ஒரு மத்தியானம் கடையைப் பக்கத்துக்காரியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சாக்குக்கு ஒரு கிண்ணம் தக்காளியோடு அவள் குடியிருக்கும் வீட்டுக்குப் போனேன். நாலைந்து குடித்தனம் ஒரே முற்றத்தில். கூப்பிடாமல் பின்பக்கமாகப் போனேன். வேவு பார்க்கத்தானே வந்தேன், கூப்பிடுவேனா?

மாமர நிழலில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. முழங்கை மட்டும் பறந்துகொண்டிருந்தது. ஆனால் ஏதோ சரியில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. பறந்துகொண்டிருந்தது இடது முழங்கை.

கிண்ணம் என் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவள் திடுக்கிட்டுத் திரும்பி ஊசியையும் நூலையும் இடுப்புத் துணிக்குள் செருகினாள்.

“எடுடி வெளிய” என்றேன். “பாத்துட்டேன்.”

“அக்கா, உங்க கால்ல விழறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“இடக்கையாலயா? அத்தனையும் இடக்கையாலயா பின்னின?”

“வலக்கைக்கு இது வரவே மாட்டேங்குதுக்கா. எழுதறது, திங்கறது, சாமான் குடுக்கறது எல்லாம் வலது கைதான். அப்பா மிளகாயை அரைச்சு இந்தக் கையில தேச்சுத் துணியால கட்டிப் போட்டுப் பழக்கினாரு. ஆனா ஊசியை எடுத்தா மட்டும் இந்தக் கைதான் முன்னாடி வருது.”

“அதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? நான் உன்னைத் திருடின்னு நெனச்சேனே!”

“சொன்னா என்ன ஆகும்? இடக்கையால ஒரு வாழைப்பழத்தை நீட்டினாலே மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க. கல்யாணக் கட்டில்ல போட விடுவாங்களா?” அவள் அழ ஆரம்பித்தாள். “இந்த ஊர்ல என் பேரு தெரிஞ்சவங்க நீங்க மட்டும்தான்க்கா. வாரம் முழுக்க இந்தச் சுவரைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், ஞாயித்துக்கிழமை வரணும்னு. அதுவும் போச்சுன்னா நான் எங்க போவேன்?”

என் தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைக்கக் கொடுத்தேன். ஆனாலும் அடிப்பழத்தைத் தொடாமல் திரும்பி வர என்னால் முடியாது.

“டீச்சரோட நடுக் கட்டத்தை நீதான் பின்னிக் குடுத்தியா? உண்மையைச் சொல்லு.”

“நானா? டீச்சர் என்கிட்ட நின்னு பேசினதுகூட இல்லியே.”

“அதுவும் உன்னோடது மாதிரியே சாயுதுடி.”

அவள் அழுகை நின்றது. கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். “அக்கா… அப்போ டீச்சரும்…”

“வாயை மூடு” என்றேன். சொல்லிவிட்டு மண்ணில் உருண்ட தக்காளியைப் பொறுக்கினேன். உட்காராமல் பொரித்துக்கொண்டே இருக்கிற டீச்சர். கதவைச் சாத்திக்கொண்டு பின்னுகிற டீச்சர். இடக்கையில் பென்சில் பிடித்த பிள்ளைகளின் விரல் முட்டியில் ஸ்கேலால் அடித்தே பேர் வாங்கிய டீச்சர். அவரும் இடக்கைக்காரிதான்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு வந்தது இரக்கம் இல்லை, ஆத்திரம். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் இந்தப் பெண் இப்படிக் காலில் விழுந்திருக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமையாவது வாயைத் திறப்பாரா, இல்லை அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாரா? அதையும் பார்த்துவிடலாம் என்று நானும் வாயைக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிறு வந்தது. விரிப்பு மேஜையில் கிடந்தது. கல்யாணத்துக்குத் தைத்ததைப் பார்க்க வந்தவர்கள் போல இல்லை, பஞ்சாயத்துக்கு வந்தவர்கள் போல எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பிராகோ வலது கையில் ஊசியைப் பிடித்தாள். நூல் நழுவியது. மறுபடி பிடித்தாள். முதல் சுற்றைக்கூட அவளால் மூட முடியவில்லை. நெற்றியில் வியர்வை வழிந்தது.

“என் பேத்தி இதைவிட நல்லாப் பின்னுவா, அவளுக்கு இன்னும் பல்லே முளைக்கல” என்றாள் ஞார்கோ. சிரிப்பு எழுந்தது.

“எங்கடி வாங்கின?” சர்போமா முன்னால் குனிந்தாள். “கடை பேரைச் சொல்லிட்டுப் போ.”

நான் அடுப்படி வாசலைப் பார்த்தேன். டீச்சர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். எண்ணெயில் போஃப்ரோட் கருகிக்கொண்டிருந்தது. அவர் அதை எடுக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

இதற்குமேல் என்னால் முடியவில்லை. எழுந்தேன். பிராகோ கையிலிருந்த ஊசியைப் பிடுங்கி, என் இடக்கையில் மாற்றிக்கொண்டு, இடக்கையாலேயே அவளிடம் நீட்டினேன்.

கூடம் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது.

“அடியே அஜேவா! இடக்கைடி!” ஞார்கோ வாயில் கை வைத்தாள். “அவளை இப்படியா அவமானப்படுத்துவ?”

“தெரிஞ்சேதான் நீட்டறேன். நீ வாங்கிக்கோடி. எந்தக் கைக்கு வருமோ அந்தக் கையால வாங்கு.”

பிராகோ என்னையே பார்த்தாள். பிறகு அவள் இடது கை மெதுவாக வந்து ஊசியை வாங்கியது. அதன் பிறகு என்ன சொல்ல? ஊசி பறந்தது. கட்டம் எங்கள் கண்முன்னால் சுற்றுச் சுற்றாக வளர்ந்தது, தழும்பு இடப்பக்கம் சாய்ந்து ஏறியது. கடைசி நூலை அவள் பல்லால் கடித்தபோது ஞார்கோ தன்னை மறந்து கை தட்டிவிட்டாள்.

சர்போமா தட்டவில்லை. “அப்போ இத்தனையும் இடக்கை வேலை. திருட்டைவிட இது மோசம். நான் பொறுத்துக்க மாட்டேன். ஸ்கூல்ல இந்த இடக்கை முட்டி வீங்க வீங்க என்னை அடிச்சுத் திருத்தினது யாரு? டீச்சர்! டீச்சர், நீங்களே சொல்லுங்க. உங்க பொண்ணு கட்டில்ல இது கிடக்கலாமா?”

டீச்சர் திரும்பவில்லை.

சர்போமா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தாள். பிராகோ நூல் உருண்டையைப் பைக்குள் போட்டு எழுந்தாள். போகத்தான் எழுந்தாள். அவள் தோளை அமுக்கி உட்காரவைத்துவிட்டு விரிப்பைச் சர்போமாவின் மடியில் இழுத்துப் போட்டேன்.

“வெட்டுடி. இடப்பக்கம் சாயற ஒண்ணைக்கூட விடாத. நடுவுலேர்ந்து ஆரம்பி.”

“நடுவுல இருக்கறது டீச்சரோடதுடி, பைத்தியமே.”

“தெரியும். குனிஞ்சு பாரு.”

அவள் குனிந்தாள். விரலை வைத்துத் தழும்பைத் தடவினாள். பக்கத்துக் கட்டத்தைத் தடவினாள். மறுபடி நடுக் கட்டத்துக்கு வந்தாள். கத்திரிக்கோல் திறந்தபடியே நின்றது.

“டீச்சர்?” என்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூப்பிடுகிற மாதிரிக் குரல்.

“கத்திரிக்கோலைக் கீழ வை, சர்போமா.”

டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். பிராகோவின் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் வட்டத்தில் அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்க்கிறேன். இடது கையை நீட்டினார். “ஊசியைக் குடும்மா.” பிராகோ கொடுத்தாள். டீச்சர் ஒரு முடிச்சுப் போட்டு, எங்கள் எல்லோர் கண்ணெதிரிலும் பின்ன ஆரம்பித்தார். வேகமான கை. பிராகோவின் கையைவிட வேகம்.

சர்போமா தன் இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முட்டி இன்னும் கொஞ்சம் புடைத்துத்தான் இருக்கும்.

“அப்போ என்னை ஏன் அடிச்சீங்க, டீச்சர்?”

டீச்சர் ஊசியை நிறுத்தாமல் பதில் சொன்னார். “நீ பென்சிலைப் பிடிச்சா என் கையைப் பாக்கற மாதிரியே இருக்கும். உன்னைப் பாத்து என்னைக் கண்டுபிடிச்சுடுவாங்களோன்னு பயந்தேன்.”

பிராகோ அழுதாள், யாருக்காக என்று எனக்குத் தெரியவில்லை.

“நல்லாத்தான் அடிச்சீங்க” என்றாள் சர்போமா. “இந்தக் கை இப்போ ஒரு டம்ளரைக்கூடச் சரியாப் பிடிக்காது.”

டீச்சரின் ஊசி அப்போதுதான் நின்றது.

விரிப்பில் ஒரு கட்டத்தையும் நாங்கள் வெட்டவில்லை. அதை அப்படியே மடித்துப் பொசுவாவின் பெட்டியில் வைத்தோம். பிராகோ பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன், அன்னாசிச் சால்வையின் ஓரம் எப்படித் திரும்புகிறது என்று அவள் எனக்குக் காட்டினாள். எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாற்றிப் போடவேண்டியிருந்ததால் எனக்குத் தலை சுற்றியது. சர்போமா சோபோலோவைத் தொடாமல் கத்திரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அடுத்த ஞாயிறு கண்டிப்பாக வருவாள் என்று பிராகோ சொல்கிறாள். எனக்கு என்னவோ சந்தேகமாகத்தான் இருக்கிறது.